ஒரே சமையலா, தனிச் சமையலா?



அடையாறில் நின்றுகொண்டு கிராமத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்பட வேண்டியதில்லை. 1971இல் மால்கம் ஆதிசேசையா தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் இங்கே காந்தி நகரில்தான் இருக்கிறது. ஒரே கிராமத்துக்குத் தலைமுறைக்கு ஒருமுறை போய்ப் பார்க்கும் வழக்கத்தை வளர்த்த இடங்களில் அதுவும் ஒன்று.

வழக்கம் அதைவிடப் பழையது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் மாணவர்களிடம் கேள்வித்தாளைக் கொடுத்து, விடுமுறையில் சொந்த ஊரைக் கணக்கெடுத்து வரச் சொன்னார். 1918இல் அது நூலானது. அதிலுள்ள ஊர்களில் ஒன்று இருவேல்பட்டு. இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில், திருவெண்ணெய்நல்லூர் பக்கம் இருக்கிறது. 1930களில் பி.ஜே. தாமசும் கே.சி. ராமகிருஷ்ணனும் ஸ்லேட்டரின் கிராமங்களை மறுபடி ஆய்ந்தார்கள். 1980களில் இருவேல்பட்டுக்குப் போனவர்களில் ஒருவர், முன்பு மாநில நிதிச் செயலராக இருந்த எஸ். குகன். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ்.

இவர்கள் கண்ட ஊரில் நிலத்தில் கணிசமான பங்கு ஒரு ரெட்டியார் குடும்பத்தின் கையில். வன்னியர்கள் ஊரில், தலித்துகள் காலனியில். 1916இல் கடனுக்குக் கட்டுண்டு உழைத்த படியாட்கள் இருந்தார்கள். 2008க்குள் அந்தக் குடும்பத்தின் பிடி தளர்ந்திருந்தது. நிலக்காரரை நம்பியே பிழைக்கும் நிலையிலிருந்து காலனிக்காரர்கள் வெகுவாக விடுபட்டிருந்தார்கள்.

இந்த மாற்றத்தை மக்கள்தொகைக் கணக்கில் தேடினால் கிடைக்காது. கிராமவாரி அட்டவணையில் சாதிக்கென்று இருப்பவை பட்டியல் சாதி, பழங்குடி என இரண்டே பத்திகள். மற்ற எல்லாரும் மொத்தத் தொகைக்குள் கலந்துவிடுகிறார்கள்: பண்ணை வீட்டு ரெட்டியாரும் அவரிடம் வாரத்துக்கு உழுத வன்னியரும் அங்கே ஒரே இனம்! போதாக்குறைக்கு, கணக்கின் ‘கிராமம்’ என்பது வருவாய் கிராமம். நடுவில் வயலை வைத்துப் பிரிந்து கிடக்கும் ஊரும் காலனியும் ஒரே எண்ணாக வரும்.

குடும்பம் என்பதும் சுலபமான அலகல்ல. ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம் என்பது கணக்கெடுப்பின் விதி. ஒரே ஓட்டு வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு அடுப்பு வைத்தால் இரண்டு குடும்பம். ரேஷன் கார்டுக்கும் தனிச் சமையல் வேண்டும். கார்டைப் பிரிக்க விண்ணப்பித்துவிட்டு, விசாரணைக்கு ஆள் வரும் நாளுக்காக மட்டும் திண்ணையில் முளைக்கும் அடுப்பைக் கிராம நிர்வாக அலுவலர்கள் அறிவார்கள். திருப்பூருக்குப் போன மகன் கார்டில் உள்ளூர்க்காரன், கணக்கெடுப்பில் திருப்பூர்க்காரன்.

ஸ்லேட்டரின் முறையிலும் குறை உண்டு. 1916இல் கல்லூரிக்கு வந்தவர்கள் யார்? அநேகமாக நிலமுள்ள வீட்டுப் பிள்ளைகள். சேரிக்குள் அவர்கள் எத்தனை தூரம் போயிருப்பார்கள் என்பது என் ஐயம். 

மக்கள்தொகைக் கணக்குக்குத் திரும்பினால், சாதிவாரி விவரத்தை முழுமையாக வெளியிட்ட கடைசிக் கணக்கெடுப்பு 1931இல் நடந்தது. 2011இல் தனியாகத் திரட்டிய சாதி விவரம் வெளிவரவேயில்லை. அடுத்த கணக்கெடுப்பில் சாதி கேட்கப்படும் என்று ஒன்றிய அரசு 2025இல் அறிவித்தது. 2027 மார்ச் 1 அதன் குறிப்புத் தேதி. மாநில மொத்தத்தை வைத்து இடஒதுக்கீடு பற்றி வாதாடலாம். இருவேல்பட்டில் எந்தச் சாதி நிலத்தை விட்டது, எது வாங்கியது என்று கேட்க, கிராம அளவு எண்ணும் அதன் பக்கத்தில் நில விவரமும் வேண்டும்.