குருதி சொல்லும் கணக்கு



சென்ற ஆண்டு என் தமையனாருக்குப் பெருங்குடலிற் புற்றுநோய் கண்டது. சத்திர சிகிச்சை நல்லபடி முடிந்தது. ஆறு வாரங்கள் கழிந்தபின் குருதிப் பரிசோதனை செய்து ஒரு துண்டுக் கடதாசி தந்தார்கள். அதில் சீ.ஈ.ஏ. என்ற மூன்றெழுத்தும், 7 என்ற எண்ணும், 5க்கு மேற்படலாகாது என்ற குறிப்புமே இருந்தன. அண்ணர் அதனை நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, "தம்பி, நீ பிள்ளைகளுக்குப் புள்ளி போடுற ஆள். இது பாசோ, பெயிலோ, சொல்லு பாப்பம்" என்றார். கலைப் பட்டதாரியாகிய என்னிடம் விடை இல்லை. அதன்பின் தேடிப் படித்தும், வைத்தியர்களைக் கேட்டும் அறிந்தவற்றையே இன்று சொல்ல வந்தேன்.

அந்த மூன்றெழுத்தின் வரலாறு கனடாவில், மொன்றியல் நகரிலே தொடங்குகிறது. அங்கே மக்கில் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பில் கோல்ட், சாமுவேல் பிரீட்மன் என்னும் இருவர், குடற்புற்றுக்கே உரிய பொருள் ஏதேனும் உண்டோ என்று தேடினர். ஒருவரின் புற்றை மற்றொருவரின் நல்ல தசையோடு ஒப்பிட்டால், காணும் வேற்றுமை நோயால் வந்ததோ, ஆள் வேற்றுமையால் வந்ததோ என்று துணிய இயலாது. ஆகவே ஒரே மனிதரின் குடலிலிருந்து புற்றுற்ற பகுதியையும், அதற்கு அப்பாலுள்ள நல்ல பகுதியையும் எடுத்து ஒப்பிட்டனர். எளிய யோசனைதான்; ஆயினும் அதுவே வழியைத் திறந்தது. புற்றிலே தாம் கண்ட பொருளை நல்ல குடலில் அவர்கள் காணவில்லை. அதுவோ தாயின் வயிற்றில் வளரும் சிசுவின் குடலிலும் முதல் ஆறு மாதங்களில் இருந்தது! பிறக்குமுன் அடங்கிய ஒன்றைப் புற்றுநோய் மீண்டும் எழுப்பிவிடுகிறது என்று எண்ணினர். 1965ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டனர். சர்க்கரை சேர்ந்த ஒரு புரதம் அது.

குருதியில் அதனை அளக்கும் முறை 1969இல் வந்தது. ஒரு மில்லிலீற்றர் குருதி நீரில் இத்தனை நனோகிராம் என்று கணக்கிடுவர். நனோகிராம் என்பது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. ஒரு துளி குருதியால் நோயை முன்னரே பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை அப்போது பெரிதாக எழுந்தது. அது நிலைக்கவில்லை. ஈரல் நோயிலும், குடல் அழற்சியிலும், வேறு சில புற்றுகளிலும் இந்த எண் உயரும். குடற்புற்றின் தொடக்கத்திலோ உயராமலும் இருக்கும்.

ஆயினும் வேறொரு பயன் நிலைத்தது. சத்திர சிகிச்சைக்கு முன் இந்த எண் உயர்ந்திருந்தவர்களின் ஆயுள், பொதுவில், உயராதவர்களின் ஆயுளினும் குறைந்திருக்கக் கண்டனர். சிகிச்சைக்குப் பின் எண் இறங்கவேண்டும். இறங்காவிடின் ஏதோ எஞ்சியுள்ளதோ என்ற ஐயம் எழும். இறங்கியது மீண்டும் ஏறினால், நோய் திரும்புவதை உடல் உணருமுன்னரே குருதி சொல்வதும் உண்டு.

இது புற்றைப்பற்றிய செய்தி. நோயாளியின் உடல் நிலையைச் சொல்லும் புரதங்களும் இரண்டுண்டு. ஒன்று சீ.ஆர்.பி.; நியூயோர்க்கிலே 1930இல் டிலெற், பிரான்சிஸ் என்னும் இருவர் நியுமோனியா நோயாளரின் குருதியிற் கண்டது. உடலில் அழற்சி மூண்டால் ஈரல் இதனைப் பெருகச் சுரக்கும். மற்றது அல்புமின், அதனையும் ஈரலே ஆக்குகிறது. அழற்சி நீடிப்பினும் போசாக்குக் குன்றினும் அது தாழும். ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து ஆய்வாளர் இவ்விரண்டையும் சேர்த்து ஒரு புள்ளித் திட்டம் வகுத்தனர். முதலில் நுரையீரற் புற்றுக்கு வகுத்தது. பின்னர் சற்றே திருத்தப்பட்டுக் குடற்புற்றுக்கும் வந்தது. சீ.ஆர்.பி. இலீற்றருக்கு 10 மில்லிகிராமுக்கு மேற்படாவிடின் சுழியம், மேற்படின் 1, அத்துடன் அல்புமினும் 35 கிராமுக்குக் கீழே தாழ்ந்திருப்பின் 2. ஒரே கட்டத்து நோயாளரிடையேயும் 2 பெற்றவர்களின் ஆயுள் பொதுவிற் குறைவு. பள்ளிக்கூடத்தில் 2 சுழியத்தினும் மேல். இங்கோ சுழியமே முதற் பரிசு!

'பொதுவில்' என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதைக் கவனித்திருப்பீர்கள். நாற்பது மாணவர் கொண்ட வகுப்பில், தவணைப் புள்ளிகளைப் பார்த்து, எத்தனை பேர் சித்தியடைவர் என்று என்னால் ஏறக்குறையச் சொல்லமுடியும். எவர் எவர் என்று சொல்லப் புகுந்து நான் தலைகுனிந்த நாட்கள் பல. கணக்கில் தேறமாட்டான் என்று நான் தீர்த்துவைத்த ஒருவன் இன்று நில அளவையாளன். எங்கள் வீட்டு வேலியையும் அவனே அளந்து தந்தான். குருதியின் எண்ணும் அவ்வாறே கூட்டத்தைப்பற்றிப் பேசுகிறது.

அண்ணரின் 7க்கு வருகிறேன். வைத்தியர் கடதாசியைப் பார்த்துவிட்டு முதலிற் கேட்டது, "ஐயா புகைப்பிடிப்பீர்களோ?" என்பதுதான். நாற்பது ஆண்டுகளாகச் சுருட்டு. புகைப்பவர்களிடத்தில் இந்த எண் சற்று உயர்ந்தே நிற்குமாம். "புகையாகவும் இருக்கலாம், எச்சமாகவும் இருக்கலாம், ஒற்றை எண்ணை வைத்து நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன்" என்று கூறி, படம் எடுப்பித்தார், மூன்று மாதத்தில் மீண்டும் அளக்கச் சொன்னார். படத்தில் ஒன்றும் தெரியவில்லை. சுருட்டுப் பெட்டியை அண்ணி எங்கோ கொண்டுபோய்விட்டார். எங்கே என்று இன்றுவரை அண்ணருக்குத் தெரியாது.

இப்பொழுது பரிசோதனை முடிந்ததும் தொலைபேசியில் அழைக்கிறார். சுகம் விசாரிக்குமுன் எண்ணைத்தான் சொல்வார். கடைசியாகச் சொன்னது 4. அடுத்தது ஆவணியில்.