திருச்சியில் பிறந்த கார்ட்ஸ் படை



பாசிர் ரிஸ்வாசிகளுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. விடுப்பு முடியும் மாலை நேரம். ஒயிட் சாண்ட்ஸ் கடைத்தொகுதியில், முடியை ஒட்ட வெட்டிய பிள்ளைகள் பெற்றோருடன் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். டெக்கோங் தீவுக்குத் திரும்பும் தேசிய சேவையாளர்கள் அவர்கள். "இன்னும் கொஞ்சம் சாப்பிடுப்பா" என்று தமிழிலும் குரல் கேட்கும்.

எங்கள் புளோக்கில் ஒரு பாட்டி இருக்கிறார். அவருடைய பேரனை அடிப்படைப் பயிற்சி முடிந்ததும் 'கார்ட்ஸ்' பிரிவில் போட்டார்கள். மின்தூக்கியில் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏன் தம்பி, படிச்ச புள்ளைய வாட்ச்மேன் வேலைக்கா போடுவாங்க?"

அவரைக் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் 'கார்ட்' என்றால் அடுக்குமாடி வாசலில் மேசை போட்டு அமர்ந்திருப்பவர்தான். காக்கித் தொப்பி அணிந்து, ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்கும் படைப்பிரிவு என்று விளக்கினேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

'கார்ட்ஸ்' என்ற பெயருக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது. ரஷ்யாவையே எடுத்துக்கொள்ளுங்கள். மன்னர் பீட்டர் சிறுவயதில் தோழர்களைச் சேர்த்துக்கொண்டு போர் விளையாட்டு விளையாடினார். அந்த விளையாட்டுப் படைதான் வளர்ந்து மெய்க்காவல் படையானது. ஆனால் காவலுக்கு வைத்த படையே பிறகு ஆட்சியை மாற்றியது. 1741இல் எலிசபெத்தையும் 1762இல் காத்தரினையும் அரியணையில் ஏற்றியது அதுதான். 1917இல் தலைநகரில் கலகத்தைத் தொடங்கியவர்களிலும் கார்ட்ஸ் வீரர்கள் இருந்தார்கள். சோவியத் அரசு 1941 செப்டம்பரில் அந்தப் பெயரை மீண்டும் கொண்டுவந்தது. இம்முறை அரண்மனைக்குப் பக்கத்தில் இருந்ததற்காக அல்ல. ஜெர்மானியரை எதிர்த்து நன்றாகப் போரிட்ட காலாட்படைகளுக்குப் பட்டமாகக் கொடுத்தது.

சரி, நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

இந்திய ராணுவத்திலும் கார்ட்ஸ் படை உண்டு. அதன் முதல் பட்டாளத்தின் வேரைத் தேடிப் போனால் டில்லிக்கோ பஞ்சாபுக்கோ போக வேண்டியதில்லை. திருச்சிக்குப் போக வேண்டும். 1761இல் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே திரட்டிய சிப்பாய்ப் படை அது. பின்னாளில் சென்னை ராணுவத்தின் 7ஆம் காலாட்படை ஆயிற்று.

சென்னை ராணுவத்துச் சிப்பாய்கள் சிங்கப்பூருக்கும் வந்து காவல் இருந்தவர்கள். ஊட்ரம் பக்கத்தில் 'சிப்பாய் லைன்ஸ்' என்ற பெயர் அவர்கள் விட்டுச் சென்றதுதான்.

ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயத் தளபதிகளுக்கு ஒரு எண்ணம் வந்தது. சில இனங்களுக்கே போர்க்குணம் உண்டு, தென்னாட்டாருக்கு அது போய்விட்டது என்றார்கள். சென்னை ராணுவத்துக்கே தலைமை தாங்கிய ராபர்ட்ஸ் பிரபு இப்படி வாதிட்டவர்களில் முக்கியமானவர். தங்களுக்கு இந்தியாவைப் பிடித்துக்கொடுத்த சிப்பாய்களைப் பற்றிய பேச்சு இது! படைகள் கலைக்கப்பட்டன, அல்லது ஆட்கள் மாற்றப்பட்டார்கள். திருச்சிப் படையிலும் தென்னாட்டவர் போய்ப் பஞ்சாபியர் வந்தார்கள். 1903இல் அதன் பெயர் '67ஆம் பஞ்சாபியர் படை'. பழைய எண்ணான 7உடன் 60ஐக் கூட்டியிருந்தார்கள். திருச்சியின் அடையாளமாக மிஞ்சியது அந்த ஏழு மட்டும்தான்.

1949இல் ஜெனரல் கரியப்பா இந்திய ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியானார். அந்த ஆண்டே கார்ட்ஸ் படை உருவாயிற்று. பழம்பெரும் நான்கு பட்டாளங்கள் அதற்கு அடித்தளம். அவற்றில் மூத்தது இந்தத் திருச்சிப் பட்டாளம். சாதி, மதம், மாநிலம் பார்க்காமல் எல்லாரையும் சேர்ப்பது என்று விதி வைத்தார்கள். ராஜபுத்திரருக்கு ஒரு படை, சீக்கியருக்கு ஒரு படை என்றிருந்த ராணுவத்தில் அது சாதாரண மாற்றமல்ல. தமிழனும் மறுபடி உள்ளே போக வழி பிறந்தது. 1971 போரில் கங்காசாகரில் உயிர்நீத்து, பரம்வீர் சக்ரா பெற்ற ஆல்பர்ட் எக்கா இந்தக் கார்ட்ஸ் படையின் 14ஆம் பட்டாளத்துக்காரர். ஓர் ஆதிவாசிக் குடும்பத்துப் பிள்ளை.

சிங்கப்பூர் கார்ட்ஸ் தனி வரலாறு உடையது. அதற்கும் திருச்சிக்கும் சம்பந்தமில்லை. இருந்தாலும் பாட்டியிடம் இந்தக் கதையைச் சொன்னேன். ரஷ்யாவும் கரியப்பாவும் அவர் காதில் ஏறவில்லை. "திருச்சியா? எனக்கு லால்குடி தம்பி" என்றார்.

போன வாரம் பேரன் வந்திருந்தான். காக்கித் தொப்பியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.