அமானிதம் என்று வாங்கிய பொட்டலம்



சகோதர சகோதரிகளே! சென்ற மாதம் ஜொகூரில் ஒரு நிக்காஹ்வுக்குப் போய்விட்டு, அன்றிரவே உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி வழியாகக் காரில் திரும்பினோம். அறிவிக்க எதுவுமில்லை என்று நேராக வந்த எங்களை நிறுத்தி, வண்டியின் பின்பக்கத்தைத் திறக்கச் சொன்னார்கள். பிள்ளைகள் பயந்துபோனார்கள். பலகாரப் பைகளுக்கு அடியில், தெரிந்தவர் ஒருவர் "தம்பியிடம் கொடுத்துவிடுங்கள்" என்று தந்த பொட்டலம். பிரித்தால் சிகரெட் பெட்டிகள்! "எங்களுடையதல்ல" என்றோம். "வண்டி உங்களுடையதுதானே?" என்றார் அதிகாரி. எங்களிடம் பதில் இல்லை. அபராதம் கட்டி, நள்ளிரவு தாண்டி வீடு சேர்ந்தோம்.

சிங்கப்பூருக்குள் சிகரெட்டுக்கு வரிவிலக்கே இல்லை. ஒரு பெட்டியானாலும் சிவப்பு வழியில் சென்று அறிவிக்க வேண்டும். மின்சிகரெட் முற்றிலும் தடை. மற்ற சாமான்களுக்கு, 48 மணி நேரத்துக்குள் திரும்பினால் 100 வெள்ளி, அதற்கு மேல் தங்கினால் 500 வெள்ளி வரைதான் ஜிஎஸ்டி விலக்கு. வேலை அனுமதியில் இருப்போருக்கு அதுவும் இல்லை.

அமானிதம் பேணுவது நம் கடமை. ஆனால் உள்ளே இருப்பது தெரியாமல் எதையும் ஏற்க வேண்டாம். பிரித்துப் பார்த்தே வாங்குவோம். முகம் சுளித்தால் மரியாதையாக மறுப்போம். அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக, ஆமீன்.