பறக்கும் மணிக்கு இவ்வளவு



வீட்டு ஏசிக்கோ தண்ணீர் சுத்திகரிப்புக் கருவிக்கோ ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டிருப்பீர்கள். ஒரே ஆண்டுதான். விற்றவரின் கணக்கு தவறினால், அடுத்த ஆண்டு தொகையைக் கூட்டிக்கொள்வார். இதே ஒப்பந்தத்தை ஒரு விமான இன்ஜினுக்கு, பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குப் போடச் சொன்னால் என்ன விலை சொல்வது?

1962-இல் பிரிட்டனின் பிரிஸ்டல் சிட்லி நிறுவனம் துணிந்து ஒரு விலை சொன்னது. சிறிய ஜெட் விமானங்களில் பொருத்திய வைப்பர் இன்ஜினுக்கு, பறக்கும் மணிக்கு இவ்வளவு என்று நிலையான கட்டணம். பழுதும் உதிரிபாகமும் தயாரித்தவர் பொறுப்பு. 1966-இல் அந்த நிறுவனத்தை வாங்கிய ரோல்ஸ் ராய்ஸ், பின்னாளில் பெரிய பயணிகள் விமானங்களுக்கும் இந்த வழியைக் கொண்டுவந்தது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது, கெட்டுப்போகும் இன்ஜினால் யாருக்கும் லாபமில்லை என்பதுதான். முன்பு பழுது வந்தால் உதிரிபாகம் விற்கும். இப்போது பழுது வந்தால் தயாரித்தவர் கைக்காசு போகும்.

கட்டணத்தை எப்படிப் போடுகிறார்கள்? ஓர் இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியபின் பட்டறைக்கு வரும், பிரித்துப் பூட்ட எவ்வளவு ஆகும், அடிக்கடி ஏறி இறங்கும் குறுந்தூர விமானமா, தூசி நிறைந்த ஊரில் பறக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். ஒன்று சீக்கிரம் கெட்டாலும் இன்னொன்று நெடுநாள் ஓடும். நூற்றுக்கணக்கில் சேர்த்துப் பார்த்தால் சராசரி நிற்கும்.

ஆனால் ஒன்றின் பழுதுக்கும் மற்றொன்றின் பழுதுக்கும் தொடர்பில்லாதவரைதான் சராசரி காப்பாற்றும். போயிங் 787 விமானங்களில் பறக்கும் ரோல்ஸ் ராய்ஸின் ட்ரென்ட் 1000 இன்ஜினில் அந்த நிபந்தனை உடைந்தது. 2016-இல் ஜப்பானின் ஏஎன்ஏ நிறுவன விமானங்களில், டர்பைன் பிளேடுகள் கந்தக அரிப்பால் விரிசல் விட்டிருந்தன. அடுத்து 2018-இல் கம்ப்ரசர் பிளேடுகளிலும் குறை. ஒரே வடிவமைப்பு என்பதால் குறையும் பொதுச்சொத்து. பட்டறையில் இடமில்லை, மாற்று இன்ஜின் போதவில்லை. பல நிறுவனங்களின் விமானங்கள் மாதக்கணக்கில் தரையில் நின்றன. ரோல்ஸ் ராய்ஸ் மதிப்பிட்ட மொத்தச் செலவு 200 கோடி பவுண்டைத் தாண்டியது.

2020-இல் கொரோனா பெருந்தொற்றோடு வந்தது இதற்கு நேர்மாறான அடி. இன்ஜின்கள் கெடவில்லை, பறக்கவே இல்லை. ரோல்ஸ் ராய்ஸின் பெரிய இன்ஜின்களின் பறக்கும் நேரம் முந்தைய ஆண்டின் பாதியைக்கூட எட்டவில்லை. மணிக்கணக்கில் வந்த வருமானம் வறண்டது. குறைந்தது 9,000 பேரின் வேலையைக் குறைக்கப்போவதாக அந்த ஆண்டு மே மாதம் நிறுவனம் அறிவித்தது. பிளேடு குறைக்கும் பெருந்தொற்றுக்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் இரண்டிலும் எல்லா இன்ஜின்களும் ஒரே நேரத்தில் பாதிக்கப்பட்டன.

பராமரிப்புக்கு விலை போடுகிறவர்களிடம் நான் கேட்பது இது. அது ரயில் பெட்டியோ, காற்றாலையோ, மருத்துவமனை ஸ்கேன் கருவியோ, சராசரியை எழுதி முடித்ததும் அதன் கீழே இன்னொரு வரி எழுதுங்கள்: எல்லாமே ஒரே வாரத்தில் பட்டறை வாசலுக்கு வந்தால், எத்தனைக்கு இடமிருக்கிறது? ஒன்றுமே வராமல், ஓடாமல் கிடந்தால், எத்தனை மாதச் சம்பளம் கையில் இருக்கிறது?