கைவிடப்பட்ட மனைவியும் சீதனக் காணியும்

மணமுறிவு பெருகிக் குடும்பம் குலைகிறதெனச் சிலர் அஞ்சுகின்றனர். நாம் அஞ்சுவதோ வேறொன்றுக்கு.

தேசவழமையின் கீழ்ச் சீதனக் காணி பெண்ணின் தனிச் சொத்தே. ஆயினும், 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம், கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி அதனை அவள் விற்கவோ ஈடுவைக்கவோ ஒட்டாது தடுத்தது. தன் காணியை விற்கும் கணவனுக்கு அத்தகைய தடை இல்லை.

கணவன் கைவிட்டுச் சென்றால், மாவட்ட நீதிமன்றின் அனுமதியை அவள் நாடலாம். அதற்கும் வழக்கு, செலவு, காலம்! அவ்வனுமதியோ மணமுறிவுத் தீர்ப்போ கிடைக்கும்வரை பூட்டுத் திறவாது. பிள்ளையின் படிப்புக்கு இரண்டு பரப்புக் காணி விற்க இத்தனை அலைச்சலா? ஓடிப்போனவனை இப்பூட்டு வீட்டுக்கு மீட்டதுண்டோ?

இச்சம்மத விதியை அறவே நீக்கக் கோருவோம். மகளுக்குக் காணி எழுதும் நாம், அதன் திறவுகோலையும் அவள் கையிலேயே கொடுப்போமாக!