வெயிலில் செழிக்கும் மல்லிகை

தம்பலகாமத்தைப் பற்றிப் பேசப் புகுவோர் முதலில் எடுத்துரைப்பது அவ்வூரின் நெல்வயல்களையே. கந்தளாய்க் குளத்து நீர் பாய்ந்து விளையும் அவ்வயல்களுக்கு அப்பெருமை தகும். ஆயினும் வீடுகளும் வளவுகளும் அமைந்த மேட்டு நிலத்துக்கு அந்நீர் ஏறி வருவதில்லை. மாரி ஓய்ந்து, கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டால் முற்றத்து மண் சுடுசாம்பல் போலாகிவிடும்; கிணற்று நீரும் அடிக்குப் போய்விடும். இத்தகைய வளவிலே பூஞ்செடி எங்கே தழைக்கப் போகிறது என்று எண்ணிப் பலர் வாளாவிருந்துவிடுகின்றனர். அந்த வெயிலையே விரும்பி ஏற்கும் செடியொன்று உண்டு. அதுவே மல்லிகை.

இவ்வூருக்குப் பூ வேண்டும் என்பதற்குத் தனிக் காரணமும் இருக்கிறது. 1624ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் திருக்கோணமலையில் கடலோரக் குன்றின்மீது விளங்கிய கோணேசர் கோயிலை இடித்தனர். அங்கிருந்து காப்பாற்றப்பட்ட திருவுருவங்கள் பின்னர் தம்பலகாமத்தில் எழுந்தருளின என்பது அவ்வூர் மரபு. ஆதி கோணநாயகர் கோயில் என வழங்கும் அத்தலத்தின் பூசைக்கு நாள்தோறும் மலர் வேண்டும். விலைகொடுத்து வெளியூர்ப் பூவை வாங்கிச் சாத்துவதிலும், ஊராரின் வளவிலே மலர்ந்த பூவைக் கொண்டு சாத்துவதில் உள்ள நிறைவு பெரிதன்றோ?

மல்லிகை என்ற பெயரால் பல செடிகளை மக்கள் குறிப்பதுண்டு. இங்கே கருதப்படுவது குண்டுமல்லிகை. தமிழர் பிச்சி என்று வேறொரு கொடியைச் சொல்ல, சிங்கள மக்களோ இந்தக் குண்டுமல்லிகையையே ‘பிச்ச’ என்கின்றனர். கன்று வாங்கச் செல்வோர் பெயரை நம்பாது இலையைப் பார்த்து வாங்குதல் நன்று. அகன்ற, பளபளப்பான இலை குண்டுமல்லிகைக்கு உரியது. பிச்சியின் இலையோ சிறகு போலப் பல சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும். பாரி தேர் ஈந்தது முல்லைக் கொடிக்கு. குண்டுமல்லிகை புதர்ச்செடியாதலால் தேரும் வேண்டாம், பந்தலும் வேண்டாம். இம்மலரின் புகழ் கடல் கடந்தது. பிலிப்பைன்ஸ் நாடு 1934இல் இதனைத் தன் தேசிய மலராக்கியது. இந்தோனேசியாவும் 1990இல் அவ்வாறே செய்தது. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

செடியை எங்கே நடுவது? இதிலேதான் பெரும்பாலோர் இடறுகின்றனர். நீர் குறைந்த ஊர் என்ற அச்சத்தினால் வயலோரத்துத் தாழ்ந்த நிலத்தையோ கிணற்றடி வாய்க்காலையோ மரநிழலையோ தேடுகின்றனர். நிழலில் நட்ட மல்லிகை இலையை மட்டும் அள்ளித் தரும். தாழ்ந்த களிநிலத்தில் நட்டதோ, மார்கழி மழையில் வேர் மூச்சுத் திணறி, இலை மஞ்சளித்துப் போகும். முற்றத்திலே நாள் முழுதும் வெயில் விழும் மேடான இடமே இதற்கு ஏற்றது. ஒன்றரை அடி நீள, அகல, ஆழமுள்ள குழி வெட்டி, மேல்மண்ணோடு மக்கிய மாட்டெருவும் சிறிது மணலும் கலந்து நிரப்பி, அயல்நிலத்தினும் ஒரு சாண் உயரமாக மேடு கட்டுதல் வேண்டும். செடிக்குச் செடி நான்கடி முதல் ஐந்தடி இடைவெளி போதும்.

முதல் ஆண்டில் இளங்கன்றை நீரின்றி வாடவிடலாகாது. வேர் ஆழச் சென்ற பின்னர், மண் காய்ந்தபின் ஆழ நனையும்படி ஊற்றுவதே முறை. நாள்தோறும் ஒரு செம்பு நீரை மேலாகத் தெளிப்பதால் வேர் மேல்மட்டத்திலேயே தங்கிவிடும்; அத்தகைய செடியே கச்சானுக்கு முதற்பலியாகும். செடியடியில் காய்ந்த சருகையோ வைக்கோலையோ பரப்பினால் ஊற்றிய நீர் பல நாள் நிற்கும்.

இனிக் கத்தரித்தலைக் குறித்து விரிவாகச் சொல்லவேண்டும். மல்லிகை புதிதாக எழும் தளிரின் நுனியிலேதான் அரும்பு கட்டும். பழைய கிளைகளை அப்படியே விட்டுவைத்தால் புதுத்தளிர் குறையும், பூவும் குறையும். “செடி கிழடாகிவிட்டது” என்று சொல்லி வேரோடு பிடுங்குவாரும் உண்டு. உண்மையில் அது கத்தியைக் காணாத செடியே. நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரம் விட்டு, மேலே உள்ளதை வெட்டிவிடல் வேண்டும். காய்ந்த கிளையையும் குறுக்கே போகும் கிளையையும் அடியோடு நீக்கலாம். பார்ப்பதற்கு மொட்டைச் செடியாய் நிற்கும். வீட்டுப் பெண்கள் மனம் பொறுக்கமாட்டார்கள். சில வாரங்களில் தளிர் வெடிப்பதைக் கண்டால் அவ்வருத்தம் தீரும்.

எக்காலத்தில் வெட்டுவது? தமிழ்நாட்டில் நவம்பர்க் கடைசியில் வெட்டுமாறு வேளாண் நூல்கள் கூறும். அதனை அப்படியே திருக்கோணமலைப் பக்கத்துக்குக் கொள்வது பொருந்தாது. இங்கே நவம்பரும் டிசம்பரும் மழை மிகுந்த மாதங்கள். வெட்டுவாய் ஈரத்தில் அழுகக்கூடும். பொங்கல் கழிந்து, மழை தணிந்தபின் வெட்டி, எருவிட்டு நீர் பாய்ச்சினால், பங்குனி சித்திரையில் அரும்பு திரளும். வெயில் ஏற ஏறப் பூவும் ஏறும்.

மொட்டைத் துளைக்கும் புழு ஒன்று இதற்குப் பகை. நிறம் மாறிய மொட்டுகளை அன்றன்றே கிள்ளி அழித்தல் சிறந்த மருந்து. கடும் வெயிற்காலத்தில் இலையின் அடியில் சிவப்புச் சிலந்திப் பேன் பற்றும். இலையின் கீழ்ப்புறம் படும்படி நீரை விசையோடு பீய்ச்சினால் பெரிதும் குறையும்.

பறிக்கும் வேளை விடியற்காலை. முற்றி வெளுத்த, இன்னும் விரியாத மொட்டையே பறிப்பர். அப்போது அதில் மணம் ஏறக்குறைய இல்லை. மாலையில் இதழ் விரியும்போதுதான் மணப்பொருள்கள் உண்டாகின்றன. ஆகவே காலையில் வாழைநாரில் தொடுத்த சரம் அந்திப் பூசைவேளைக்குத்தான் கோயிலெங்கும் கமழும்.

நட்டு மூன்றாம் ஆண்டில் நிறைந்த பலன் காணலாம். பேணினால் பத்து, பன்னிரண்டு ஆண்டு தாராளமாகப் பூக்கும். 2009 வரை நீடித்த போரிலே இம்மாவட்டத்துக் குடும்பங்கள் பல, வீட்டையும் வளவையும் விட்டு இடம்பெயர நேர்ந்தது. மீண்டு வந்து வெறும் நிலத்தைக் கண்டவர்க்கு மூன்றாண்டு என்பது நெடுங்காலமாகத் தோன்றலாம். ஆனால் தென்னைக்குக் காத்திருக்கும் காலத்தினும் இது குறைவே. நாலு செடி இருந்தாலும் வீட்டுக்கும் கோயிலுக்கும் பூ உண்டு.

கன்றுக்குப் பணம் செலவிடவும் வேண்டுவதில்லை. தை மாதத்தில் வெட்டிய கிளைகளை எரித்துவிடாது, அதிகம் முற்றாத தண்டில் ஒரு சாண் நீளத் துண்டுகளாக நறுக்கி, அடியிலைகளை நீக்கி, நிழலில் ஈரமணலில் ஊன்றி வைக்கலாம். இரண்டு மூன்று மாதங்களில் வேர்விட்டவற்றைப் பைகளில் எடுத்து வளர்த்தால், ஐப்பசியின் முதல் மழைக்கு அவை நடுதற்குரிய கன்றுகளாகிவிடும். தன் வளவுக்கு வேண்டியது போக, அயல்வீட்டுக்கும் கோயில் நந்தவனத்துக்கும் கொடுக்கச் சில கன்றுகள் மிஞ்சும்.