நல்லமிளகு
(இரணியலில் ஆற்றிய உரை)



மிளகை 'நல்லமிளகு' என்பது இவ்வட்டார வழக்கு. வடபால் தமிழர் இதைக் கேட்டு, "அங்ஙனமாயின் கெட்ட மிளகும் உண்டோ?" என நகைப்பர். நகைக்க வேண்டா. அவ்வொரு சொல்லுள் ஐந்நூறாண்டு வரலாறு அடங்கிக் கிடக்கின்றது.

மிளகு நம் மேலைமலைத் தொடரின் கொடி. அதன் பண்டைப் பெயர் கறி. பசுங்காயைப் பறித்து வெயிலில் உலர்த்தத் தோல் சுருங்கிக் கருத்து மிளகாகும். பழுத்ததை ஊறவைத்துத் தோல் களைந்தால் வெண்மிளகு. யவனர் பொன்னொடு வந்து முசிறியில் மிளகேற்றிச் சென்றதை அகநானூற்றின் 149-ஆம் பாட்டு கூறுகின்றது. கி.பி. 408-இல் உரோமையை முற்றுகையிட்ட அலாரிக்கு, பொன்னும் வெள்ளியும் கேட்டதோடு நில்லாது 3000 இறாத்தல் மிளகும் கேட்டான். தொலைவிற் செல்வானேன்? இதோ, அருகிலுள்ள குளச்சலில் 1741-இல் ஒல்லாந்தர் வந்து தோற்றது எதன்பொருட்டு? மிளகு வாணிகத்தின் பொருட்டே!

1492-இல் கொலம்பசு கடல் கடந்ததும் மிளகு முதலிய நறும்பொருள்களைத் தேடியே. கண்டதோ வேறொரு செடியின் காய். பின்னர்ப் போர்த்துக்கீசியர் வழியே அது நம் கரை சேர்ந்தது. நம் முன்னோர் அதற்கு அயற்பெயரைக் கடன் கேட்டாரல்லர். மிளகுபோல் உறைப்பதால் மிளகாய் என்றனர். இப்பகுதியிலோ வந்த காய் 'மிளகு' என்னும் பெயரையே கவர்ந்துகொண்டது. மலையாளத்தார் இன்றும் 'முளகு' என்பது மிளகாயைத்தான். எனவே பழம்பொருளை 'நல்லமிளகு' எனப் பிரித்துக் காத்தனர்.

புதுப்பொருளுக்கே பெயர் படைத்தவரின் வழிவந்த நாம், பெயருள்ள பொருளைப் 'பெப்பர்' என்கின்றோம். அதுதான் மிளகின் பெயரா? அன்று. வடமொழிப் 'பிப்பலி' கிரேக்கர் வாயிற் திரிந்து, இலத்தீன் வழியே ஆங்கிலம் புகுந்தது. பிப்பலி என்பதோ திப்பிலி! 'பெப்பர்' கேட்பவர் திப்பிலியைக் கேட்கின்றார். கடைக்காரர் மிளகையே நிறுத்துக் கொடுப்பது அவர்தம் பெருந்தன்மை.

தாய்த்தமிழகத்தோடு இணைவதற்காக 1954-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் குண்டடிபட்டு மாண்டோரின் மண் இது. 1956 நவம்பர் முதல்நாள் எல்லை இணைந்தது. நாக்கு இணைய வேண்டாவா?

வணிகப் பெருமக்களே! விலைப்பலகையில் நாளையே 'நல்லமிளகு' என்று எழுதுங்கள். உணவகத்தார் 'பெப்பர் சிக்கனை' மிளகுக்கோழி ஆக்குக. "இன்னும் யார் அப்படிச் சொல்கிறார்கள்?" என்று பேரப்பிள்ளை பாட்டியைத் திருத்தப் புகுந்தால், பெற்றோர் பாட்டியின் பக்கம் நில்லுங்கள்.